நுண்ணோக்கியில் நீங்கள் பார்த்தது என்ன?

உங்கள் அறிவியல் நோட்டைக் கொஞ்சம் புரட்டுங்கள். வெங்காயத் தோலின் படம் ஒன்று இருக்கிறதா? செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாகக் கட்டங்கள்... ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி... 'செல்சுவர்', 'உட்கரு' என்று அம்புக்குறி போட்டு அழகாக எழுதியிருப்பீர்கள். ஆசிரியர் சிவப்பு மையில் 'சரி' போட்டிருப்பார்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் படத்தை நுண்ணோக்கியைப் பார்த்து வரைந்தீர்களா, புத்தகத்தைப் பார்த்து வரைந்தீர்களா?

கோபித்துக் கொள்ளாதீர்கள்! குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. வகுப்பில் நாற்பது பேர். நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. வரிசையில் நின்று, நம் முறை வந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிவதற்குள், "தெரிஞ்சுதா? சரி, அடுத்த ஆள் வா!" என்று குரல் வந்துவிடும். உண்மையில் தெரிந்தது என்ன? கறுப்பு விளிம்பு போட்ட சில வட்டங்கள். சில சமயம் கம்பி கம்பியாக ஏதோ ஒன்று. அது உங்கள் சொந்த இமை முடி! ஆனாலும், "தெரிஞ்சுது சார்!" என்று சொல்லிவிட்டு வந்து, புத்தகப் படத்தை நோட்டில் ஏற்றிவிடுவோம்.

அந்தக் கறுப்பு வட்டங்கள் செல்கள் அல்ல, காற்றுக் குமிழிகள். செல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவற்றையே செல் என்று நம்பி மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம். நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது, பார்த்ததை என்ன செய்வது என்று இன்று சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு மிளகுக் கதை!

மிளகு ஏன் காரமாக இருக்கிறது?

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஆன்டனி வான் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். 1632-ல் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது. ஆனால் கண்ணாடியில் மிகச் சிறிய லென்ஸ் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கட்டைவிரல் அளவு உலோகத் தகடு, அதில் ஒரு சின்ன துளை, துளைக்குள் ஒரு குட்டி லென்ஸ். அவ்வளவுதான் அவருடைய நுண்ணோக்கி! இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் மிகச் சிறந்தது, ஒரு பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போன மிளகு அவர் வீட்டுக்கும் வந்தது. நம் மேற்குக் கடற்கரையில் விளையும் அதே மிளகுதான். மிளகு ஏன் நாக்கைச் சுடுகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத முட்கள் ஏதாவது இருக்குமோ? மிளகைத் தண்ணீரில் ஊற வைத்தார். சில வாரங்கள் கழித்து அந்த நீரில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். முள் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் துளி முழுக்க உயிர்கள்! ஓடுகின்றன, சுழல்கின்றன, முட்டி மோதுகின்றன...

1676-ம் ஆண்டு அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை நீளமான ஒரு கடிதமாக எழுதினார். அங்கே இருந்தவர்கள் பெரிய பெரிய அறிஞர்கள். நம்பினார்களா? உடனே நம்பவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆயிரக்கணக்கான உயிர்கள் என்று ஒருவர் எழுதினால் யார்தான் நம்புவார்கள்? லீவன்ஹூக் சும்மா இருக்கவில்லை. பாதிரியார் உள்ளிட்ட எட்டுப் பேருக்கு அதைக் காட்டி, "நாங்களும் கண்ணால் கண்டோம்" என்று எழுதி வாங்கி அனுப்பி வைத்தார்.

லண்டனிலும் மிளகு நீர் தயாரித்தார்கள். முதல் முயற்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. 'செல்' என்ற சொல்லை அறிவியலுக்குத் தந்த ராபர்ட் ஹூக்கே இந்தச் சோதனையில் இறங்கினார். மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் மிளகு நீரை நிரப்பிப் பார்த்தார். 1677 நவம்பரில் அவர் கண்ணுக்கும் அவை தெரிந்தன! சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் நுண்ணுயிர்கள் என்ற ஓர் உலகமே இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

கவனித்தீர்களா? ஹூக் போன்ற வல்லவருக்கே முதல் தடவை தெரியவில்லை. அப்படியிருக்க, அரை நிமிடத்தில் நமக்கு எப்படித் தெரியும்?

முதல் மாதிரி உங்கள் கையிலேயே இருக்கிறது

எடுத்த எடுப்பில் வெங்காயத்துக்குப் போக வேண்டாம். இந்த இணைப்பைப் படித்து முடித்த பிறகு (முடித்த பிறகுதான்!) இதிலிருந்து 'ட' என்ற எழுத்தை வெட்டி எடுங்கள். அதைக் கண்ணாடி ஸ்லைடின் நடுவில் வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள்.

பள்ளி நுண்ணோக்கியில் இரண்டு இடங்களில் லென்ஸ் இருக்கும். கண்ணை வைக்கும் இடத்தில் இருப்பது கண்ணருகு லென்ஸ். ஸ்லைடுக்கு மேலே இருப்பது பொருளருகு லென்ஸ். கண்ணருகு லென்ஸில் 10 என்றும், பொருளருகு லென்ஸில் 10 என்றும் எழுதியிருந்தால், பத்துப் பத்து நூறு மடங்கு. பொருளருகு லென்ஸைத் திருப்பி 40 என்பதைக் கொண்டுவந்தால் 400 மடங்கு. எப்போதும் சிறிய எண்ணில்தான் தொடங்க வேண்டும். பெரிய எண்ணுக்குப் போகப் போக, தெரியும் பரப்பு சுருங்கும், வெளிச்சமும் குறையும். ஊரின் வரைபடத்தைப் பார்க்காமல் நேராக ஒரு சந்துக்குள் நுழைந்தால் வழி தவறிவிடும் அல்லவா? அது போலத்தான்.

மேடைக்குக் கீழே உள்ள ஆடியை ஜன்னல் பக்கமோ, குழல் விளக்கின் பக்கமோ திருப்புங்கள். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் திருப்பக் கூடாது. நுண்ணோக்கி வழியாகச் சூரிய ஒளி கண்ணுக்குள் பாய்ந்தால் பார்வையே போய்விடலாம். இதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளாதீர்கள்.

அடுத்து, திருகு. இங்கேதான் பலர் கவர் ஸ்லிப்பை உடைக்கிறார்கள். கண்ணை லென்ஸில் வைத்துக்கொண்டே லென்ஸைக் கீழே இறக்கினால், 'டிக்' என்ற சத்தம்தான் கேட்கும். சரியான முறை என்ன தெரியுமா? தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தபடியே லென்ஸை ஸ்லைடுக்கு மிக அருகில் கொண்டு வாருங்கள். பிறகு கண்ணை வைத்து, லென்ஸ் ஸ்லைடை விட்டு விலகும்படி பெரிய திருகை மெல்ல மெல்லத் திருப்புங்கள். மங்கலாக ஏதோ தோன்றும்போது நிறுத்திவிட்டு, நுண்திருகால் தெளிவாக்குங்கள். 400 மடங்குக்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது.

இன்னொரு கண்ணை மூடாதீர்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். முதலில் சிரமமாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும். மூடிக்கொண்டு பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கண் வலிக்கும். கண் வலித்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

இப்போது 'ட' எப்படித் தெரிகிறது? தலைகீழாக! இடது வலதாகவும் மாறியிருக்கும். ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் ஓடும். எழுத்தின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் கரடுமுரடாக இருக்கும். காகிதம், நார்கள் பின்னிக் கிடக்கும் வைக்கோல்போர் மாதிரி தெரியும். வண்ணப் படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துப் பாருங்கள். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கே நிறப் புள்ளிகள்! பச்சை மரம், ஊதாச் சட்டை எல்லாம் அந்தப் புள்ளிகள் சேர்ந்து செய்யும் மாயம்தான்.

வெங்காயத்துக்கு வருவோம்

வெங்காயத்தைப் பெரியவர் ஒருவரை நறுக்கித் தரச் சொல்லுங்கள். சதைப்பற்றான ஓர் இதழை எடுத்து உட்பக்கம் வளைத்து ஒடித்தால், உள்பரப்பில் பாலித்தீன் தாள் போல ஒரு சவ்வு உரிந்து வரும். அதுதான் வேண்டும். வெளியே இருக்கும் சிவப்புச் சருகை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள் உண்டு. சவ்வு ஓர் அடுக்குதான் இருக்க வேண்டும். ஒளி அதை ஊடுருவி மேலே வந்தால்தான் நமக்குத் தெரியும்.

விரல்நகத்தில் பாதி அளவுக்குச் சவ்வை வெட்டி, ஸ்லைடில் நீர்ச்சொட்டின் மேல் மடிப்பு விழாமல் விரியுங்கள். ஆசிரியரிடம் கேட்டு ஒரு சொட்டு அயோடின் கரைசலோ சேஃப்ரனின் சாயமோ விடுங்கள். இனிமேல்தான் முக்கியமான கட்டம். கவர் ஸ்லிப்பைத் தொப்பென்று போடக் கூடாது. ஒரு விளிம்பை நீரில் படும்படி சாய்த்துப் பிடித்து, ஊசி முனையில் தாங்கி, மெதுவாகப் படுக்க வையுங்கள். காற்று ஒரு பக்கமாக வெளியேறிவிடும். குமிழி இல்லை! வழியும் நீரை ஓரத்தில் உறிஞ்சு தாள் வைத்து ஒற்றி எடுங்கள்.

அப்படியும் ஓரிரு குமிழிகள் மாட்டியிருந்தால்? நல்லதுதான். குமிழி எது, செல் எது என்று பழகிக்கொள்ளலாம். குமிழி பெரும்பாலும் வட்டமாக இருக்கும். விளிம்பு தடித்த கறுப்பாக இருக்கும். கவர் ஸ்லிப்பை ஊசியால் லேசாக அழுத்தினால் நெளியும் அல்லது நகரும். வெங்காயச் செல் நீளமானது. மெல்லிய கோட்டால் ஆனது. பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கும்.

உட்கரு நடுவில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல செல்களில் அது சுவரோரமாக ஒதுங்கிக் கிடக்கும். ஏன் தெரியுமா? செல்லின் நடுவில் சாறு நிறைந்த ஒரு பெரிய பை இருக்கிறது. அது எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. புத்தகப் படத்தைப் பார்த்து வரைகிறவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

செல்லின் நீளத்தைக்கூட நீங்களே அளக்கலாம். 100 மடங்கில் வைத்து, ஸ்லைடுக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தெரிகிற வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர்? ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். அதே வட்டத்தில் வெங்காயச் செல்கள் ஐந்து வரிசையாக நின்றால், ஒன்றின் நீளம் 0.3 மில்லிமீட்டர். வகுத்தல் கணக்குக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது!

உப்பில் சுருங்கும் ஊதா

பள்ளித் தோட்டங்களில் ரியோ என்ற அழகுச் செடியை வைத்திருப்பார்கள். இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் ஊதா. அந்த இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடிப்பக்கத்தில் ஊதாச் சவ்வு நீட்டிக்கொண்டு நிற்கும். சாயமே தேவையில்லை, ஊதா மை ஊற்றிய கட்டங்களாகச் செல்கள் தெரியும். நடுநடுவே உதடு போல இரண்டிரண்டு செல்கள் சேர்ந்திருக்கிறதே, அவற்றுக்கு இடையில் இருப்பதுதான் இலைத்துளை. செடி காற்றை வாங்கவும் நீராவியை வெளியேற்றவும் உதவும் ஜன்னல் அது. (இந்தச் செடியின் சாறு சிலருக்கு அரிப்பு தரும். கையைக் கழுவிவிடுங்கள்.)

இப்போது கால் டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் ஒரு சொட்டு உப்பு நீர் விட்டு, எதிர் விளிம்பில் உறிஞ்சு தாளை வையுங்கள். தாள் நீரை இழுக்க, உப்பு நீர் உள்ளே பாயும். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்! ஒவ்வொரு செல்லிலும் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி, சுருங்கிச் சுருங்கி நடுவில் ஓர் உருண்டையாகிவிடும். உப்பு, செல்லுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. ஆவக்காய் போட மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால், அடுத்த நாள் துண்டு சுருங்கி ஜாடியில் நீர் நிற்கிறதே, அந்தக் காரியம்தான் உங்கள் கண் எதிரே நடக்கிறது. தாமதிக்காமல் நல்ல நீரை விட்டு இதே போல இழுத்தால், பல செல்களில் ஊதா மறுபடி விரிந்து நிறையும்.

மீன்தொட்டிகளில் போடும் வேலம்பாசி கிடைத்தால் விடாதீர்கள். அதன் ஒரு குட்டி இலையை அப்படியே நீரில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். பச்சை மணிகள் தெரியும். அவை பசுங்கணிகங்கள். சில நிமிடங்கள் காத்திருந்தால், அந்த மணிகள் செல்லின் சுவரோரமாக, கோயில் பிராகாரம் சுற்றுவது போல ஊர்வலம் போகும்! செல் என்பது வெறும் கட்டமல்ல. உள்ளே ஓட்டமும் நடமாட்டமும் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக வேறெதுவும் காட்டாது. நான் பணியில் இருந்தபோது வெங்காயத்தைவிட இதைத்தான் முதலில் காட்டுவேன்.

சமையலறையிலும் வேலை இருக்கிறது. உருளைக்கிழங்கை வெட்டிய இடத்தில் ஊசியால் சுரண்டி, அந்தப் பாலை ஒரு சொட்டு நீரில் கலந்து பாருங்கள். முட்டை வடிவ மணிகள். சிலவற்றில் கிளிஞ்சலில் இருப்பது போல வரிகள். அரிசி மாவில் ஒரு சிட்டிகை எடுத்து அதே போலப் பாருங்கள். மிகச் சிறியவை, மூலை மூலையாக உடைந்த கற்கண்டுத் தூள் போல. இரண்டுமே ஸ்டார்ச்தான்! அயோடின் பட்டால் இரண்டுமே நீலமாகும். ஆனாலும் மணியின் வடிவத்தை வைத்தே இது கிழங்கு, இது அரிசி என்று சொல்லிவிடலாம். செம்பருத்திப் பூவின் மகரந்தத்தையும் பாருங்கள். எப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பார்த்ததை வரைவது

இப்போது பென்சிலை எடுங்கள். புத்தகத்தை மூடி வையுங்கள். ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையுங்கள். தேதி, எந்த மாதிரி, எத்தனை மடங்கு, என்ன சாயம் என்று பக்கத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாத ஒன்று தெரிந்தால் அதையும் வரைந்து, 'இது என்ன?' என்று எழுதுங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: புத்தகம் போலவே இருக்கும் படத்தைவிட, குமிழியை வரைந்து 'இது என்ன?' என்று கேட்டிருக்கும் படத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி குளத்து நீரைப் பார்த்துவிட்டு, சுருள் கம்பியின் நுனியில் கவிழ்த்து வைத்த மணி போல ஒன்றை வரைந்திருந்தாள். பக்கத்தில், 'தொட்டால் கம்பி சுருங்குகிறது. பிறகு மெதுவாக நீள்கிறது' என்று எழுதியிருந்தாள். பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு படமே கிடையாது. அது வோர்ட்டிசெல்லா என்ற ஒரு செல் உயிரி. ஆச்சரியம் என்ன தெரியுமா? லீவன்ஹூக் 1676-ல் எழுதிய அதே கடிதத்தில், மழைநீரில் கண்டதாக வர்ணித்திருப்பவற்றில் இந்த உயிரியும் ஒன்று. வாலை நீட்டி நீட்டிச் சுருக்குகிறது என்று அவரும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு லீவன்ஹூக்கின் பெயர்கூட அப்போது தெரியாது!

நம் நாட்டுத் தாவர அறிஞர் ஜானகி அம்மாளும் நுண்ணோக்கியின் முன்னே பல ஆண்டுகள் உட்கார்ந்தவர். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்தவர். 1930-களில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், கரும்பின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணினார். குரோமோசோம் எவ்வளவு பொடியானது! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, சரிபார்த்து எழுத வேண்டும். பல்வேறு பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து 1945-ல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது.

துருப்பிடித்த திருகு

1897-ம் ஆண்டு. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மலேரியா கொசுவால் பரவுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறார், ஒன்றும் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் ஊட்டி அருகே சிகூர் மலைப்பாதைப் பகுதிக்குப் போனபோது அவருக்கே மலேரியா வந்துவிட்டது! திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். ஆகஸ்ட் மாதப் புழுக்கம். விசிறி போட்டால் கொசுவின் உறுப்புகள் பறந்துவிடும். நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. மிச்சமிருந்த ஒரே கண்ணருகு லென்ஸிலும் விரிசல்.

ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் வாங்கிக்கொண்டு கொசுக்கடிக்குச் சம்மதித்தார். சிறகில் புள்ளிகள் உள்ள கொசுக்கள் அவரைக் கடித்தன. ஆகஸ்ட் 20-ந் தேதி, கடைசியாக மிஞ்சிய ஓரிரு கொசுக்களில் ஒன்றை ராஸ் அறுத்தார். இரைப்பையின் சுவரில் வட்டமான ஒரு செல். அதற்குள் கறுப்பு மணிகள். மலேரியா நோயாளியின் ரத்தத்தில் இருப்பது போன்ற அதே கறுப்பு மணிகள்! சாதாரணக் கொசுவின் இரைப்பையை அவர் ஏராளமாகப் பார்த்திருந்தார். அதனால்தான் 'இது இங்கே இருக்கக் கூடாத ஒன்று' என்று உடனே பிடிபட்டது. 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக இன்றும் அனுசரிக்கப்படுகிறது.

உங்களில் யாருக்காவது குளிர் காய்ச்சல் வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ஸ்லைடில் ரத்தம் எடுத்திருக்கிறார்களா? அந்த ஸ்லைடு உள்ளே போகும். ஆய்வகப் பணியாளர் ஒருவர் அதற்குச் சாயமேற்றி, உங்கள் பள்ளியில் இருப்பது போன்ற, ஆனால் இன்னும் வலிமையான லென்ஸ் உள்ள ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார். கிருமி தெரிந்தால் 'உண்டு' என்று எழுதிவிடலாம். 'இல்லை' என்று எழுதுவதுதான் கடினம். தடித்த ரத்தப் பூச்சில் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி, குறைந்தது 100 இடங்களைப் பார்த்த பிறகே மலேரியா இல்லை என்று எழுத வேண்டும் என்பது விதி. ஐம்பதோடு எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த இடத்தில் கிருமி இருந்திருந்தால், அந்த நோயாளிக்கு மருந்து கிடைக்காது. (நீங்கள் யாரும் வீட்டில் விரலைக் குத்திக்கொண்டு ரத்தம் பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டேன்!)

எல்லாவற்றையும் ஒளி நுண்ணோக்கி காட்டிவிடாது. 1873-ல் எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். ஒளி ஓர் அலை. அந்த அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள், எவ்வளவு நல்ல லென்ஸிலும் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுதான் சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லை. அதனால்தான் கொரோனா வைரசை அதில் பார்க்க முடியாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். கடைகளில் பொம்மை நுண்ணோக்கிப் பெட்டியின் மேல் '1,200 மடங்கு' என்று போட்டிருப்பதைப் பார்த்து அப்பாவிடம் அடம் பிடிக்காதீர்கள். பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. நல்ல லென்ஸ் உள்ள 100 மடங்கு அதைவிட எவ்வளவோ மேல்.

பள்ளியில் நுண்ணோக்கியே இல்லையா? மீரட்டில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ், தம் குழுவினருடன் சேர்ந்து 2014-ல் 'ஃபோல்டுஸ்கோப்' என்ற காகித நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தினார். அட்டையை மடித்துச் செய்வது. அதில் இருப்பதும் லீவன்ஹூக் பயன்படுத்தியது போல ஒரே ஒரு குட்டி லென்ஸ்தான்! சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். உங்கள் ஆசிரியரிடம் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு பிடி வைக்கோலைப் பொடியாக நறுக்கி, பெரியவர் துணையோடு கிணற்று நீரிலோ மழை நீரிலோ பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் அகலமான பாட்டிலில் ஊற்றி, ஒரு கரண்டி குளத்து நீரைச் சேர்த்து, வெயில் படாத இடத்தில் மெல்லிய துணியால் மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் நீர் கலங்கும். அவை பாக்டீரியாக்கள். பிறகு அவற்றைத் தின்ன வேறு உயிர்கள் பெருகும். செருப்பு வடிவப் பரமேசியம் வந்தால், கறுப்புத் தாளின் முன் பாட்டிலைப் பிடித்தாலே வெள்ளைப் பொடி நீந்துவது போலத் தெரியும். ஸ்லைடில் போட்டால் மின்னல் வேகத்தில் ஓடும். நாலைந்து பஞ்சு இழைகளைச் சேர்த்து வைத்தால் அவற்றுக்குள் சிக்கி நிற்கும். நாற்றம் அடிக்கும், அம்மா திட்டுவார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்றே ஊற வைத்தால், அடுத்த வார இணைப்பு உங்கள் கைக்கு வரும்போது அந்த நீர் தயாராக இருக்கும்.